ஆலைக் கற்களின் மேல் ஒரு நடை

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில் 'பென்னைன் வே' என்றொரு நடைபாதை இருக்கிறது. டார்பிஷரில் ஈடேல் என்ற சின்ன ஊரில் தொடங்கி, ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டியதும் கிர்க் யெட்டம் என்ற ஊரில் முடியும். மொத்தம் 431 கிலோமீட்டர். இதை முழுதாக நடந்தவன் என்ற தகுதியில்தான் என்னை இங்கே அழைத்திருக்கிறார்கள்.

முதல் நாளே கிண்டர் ஸ்கௌட் மேட்டில் ஏற வேண்டும். அங்கிருந்து வடக்கே பல மைல்களுக்கு பீட் என்ற கரிய சதுப்பு மண். முன்பெல்லாம் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்குமாம். இப்போது கற்பலகைகள் பதித்திருக்கிறார்கள். அவற்றில் பல, மூடிப்போன பழைய பஞ்சாலைகளின் தரையிலிருந்து பெயர்த்து வந்தவை. எந்திரத்தை முடுக்கி வைத்த துளைகள் சில கற்களில் அப்படியே இருக்கின்றன. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். என் கைத்தடி ஒருமுறை அதில் மாட்டிக்கொண்டு, நான் விழாதது அதிர்ஷ்டம்.

இந்தக் கற்கள் இங்கே வந்து சேர்ந்தது பொருத்தம்தான். ஒரு காலத்தில் இந்த மேடு, பண்ணையார்கள் பறவை வேட்டையாடுவதற்காகப் பூட்டி வைத்திருந்த இடம். 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 400 பேர், பெரும்பாலும் இளம் தொழிலாளர்கள், தடையை மீறி மேலே ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு. 5 பேர் சிறைக்குப் போனார்கள். டாம் ஸ்டீபன்சன் என்ற பத்திரிகையாளர் 1935இல் இப்படி ஒரு நெடும்பாதை வேண்டும் என்று எழுதினார். இப்படிப்பட்ட நெடும்பாதைகளுக்கு வழி செய்யும் சட்டம் 1949இல் வந்தது. பாதை திறந்த நாள் 1965 ஏப்ரல் 24. தேதியைக் கவனித்தீர்களா?

சரி, பாதைக்கு வருவோம். மாலம் என்ற ஊரில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. வெடிப்புகளுக்குள் எட்டிப் பார்த்தால் பெரணிச் செடிகள். அப்புறம் டீஸ் ஆற்றங்கரைப் புல்வெளிகள். அங்கே ஒரு வேடிக்கை. மிடில்டனில் காலையில் கிளம்பி நாள் முழுக்க நடந்து டஃப்டன் போய்ச் சேர்ந்தால், முடிவிடமான கிர்க் யெட்டத்திலிருந்து இன்னும் கொஞ்சம் விலகிப் போயிருப்போம். யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை. வழியில் ஹை கப் நிக் பள்ளத்தாக்கு திடீரென்று காலடியில் திறக்கும்போது, சுற்றிப் போவது பெரிதாகத் தெரியாது. மறுநாள் 893 மீட்டர் உயரத்தில் கிராஸ் ஃபெல் மலை. அந்தச் சரிவில் வீசும் காற்றுக்கு 'ஹெல்ம்' என்று பெயர். பிரிட்டனில் தனக்கென்று பெயர் உள்ள காற்று அது ஒன்றுதான். ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரைப் பற்றிப் பலரும் சொல்லிவிட்டார்கள், விடுகிறேன்.

பாதையின் பெரும்பகுதி இன்றும் அடுத்தவர் நிலத்தில்தான் போகிறது. நடக்க உரிமை உண்டு, அவ்வளவுதான். ஆடு மேயும் வயலுக்குள் கதவைத் திறந்து நுழைந்தால், திரும்ப மூடிவிட்டுத்தான் போக வேண்டும். குட்டி போடும் வசந்த காலத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள்.

போவதாக இருந்தால் தெற்கிலிருந்து வடக்கே நடங்கள். அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். மழை முகத்தில் அடிக்காமல் முதுகில் அடிக்கும்.