பீரோவைத் திறங்கள்
(கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, பல வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, பந்தலும் மைக்கும் ஏற்பாடு செய்த வர்த்தகர் சங்கச் செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி என் பாட்டைக் கஷ்டமாக்கிவிட்ட பேராசிரியர் அவர்களே, நூலகர் அம்மா, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று பேசச் சொன்னார்கள். இலக்கணம், வாசிப்பு, தேர்வு என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

முதலில் இலக்கணம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. என் அக்கா மகன் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 92 வாங்கியவன். தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப் போனேன். நல்ல வெயில். ஒரு வெள்ளைக்கார அம்மா இவனிடம் வந்து, செருப்பை எங்கே விடுவது என்று கேட்டார். இவன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். சத்தம் வரவில்லை. பக்கத்தில் தொப்பி விற்றுக்கொண்டிருந்த பையன் ஓடி வந்தான். “மேடம், ஷூ தேர்! டோக்கன் டேக்! ஸ்டோன் ஹாட், ரன் ரன்! ஹேட் வேணுமா மேடம்?” அந்த அம்மா சிரித்துவிட்டு ஒரு தொப்பியும் வாங்கிக்கொண்டு போனார். ஏன்டா பேசாமல் நின்றாய் என்று நம்மவனைக் கேட்டேன். “மாமா, அந்த இடத்தில் ‘ஷல்’ வருமா ‘வில்’ வருமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் போய்விட்டார்கள்.”

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஒருவன் இருப்பான்.

இதைத்தான் என்.எஸ்.பிரபு கையில் எடுத்தார். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் இலக்கணப் பாடத்தை ஓரம் வைத்தார். ரயில் கால அட்டவணை, வரைபடம் இவற்றைக் கொடுத்துப் பிள்ளைகளைக் கணக்குப் போட வைத்தார். கவனம் விஷயத்தின் மேல் இருந்தால் இலக்கணம் தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் துணிபு. 1985இல் வெளிவந்த மதிப்பீடு அவருக்குச் சாதகமாகத்தான் இருந்தது, ஆனால் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னது. உலகம் முழுக்கச் செயல்வழி மொழிக் கல்வி என்று பேசுகிறவர்கள் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். நம் ஊர் வகுப்பறையில் முளைத்த விஷயம் அது.

அடுத்தது வாசிப்பு. நான் வந்ததே இதற்காகத்தான். நம் மக்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனார்களே, அந்த பிஜித் தீவு. அங்கே 1980 வாக்கில் எல்லி, மங்குபாய் என்ற இருவர் கிராமத்துப் பள்ளிகள் எட்டில் 4, 5 வகுப்புகளுக்குப் படம் போட்ட ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் 250 கொடுத்தார்கள். தினமும் இருபது முப்பது நிமிடம் படிக்க விட்டார்கள். சில வகுப்புகளில் ஆசிரியரும் கூட உட்கார்ந்து படித்தார். எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியது. அடுத்த ஆண்டு எழுத்திலும் அது தெரிந்தது.

ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்லிவிட்டு ஏட்டையே கேட்கிறானே என்று பேராசிரியர் சிரிக்கிறார். ஐயா, நான் வேண்டாம் என்றது விதிகளை மனப்பாடம் செய்யும் ஏட்டை. கதைப் புத்தகம் கறிக்கு உதவும்.

1948இலேயே பொது நூலகச் சட்டம் போட்டவர்கள் நாம். ஆனால் எத்தனையோ பள்ளிகளில் புத்தகம் பீரோவுக்குள், பீரோவுக்குப் பூட்டு, சாவி தலைமை ஆசிரியர் மேசையில். கிழிந்தால் யார் பதில் சொல்வது என்று பயப்படுகிறார்கள். கிழியட்டுமே! கிழிந்த புத்தகத்துக்குத் தலைமை ஆசிரியர் கையிலிருந்து பணம் கட்டத் தேவையில்லை என்று ஓர் உத்தரவு வந்தால் பாதிப் பூட்டு திறந்துவிடும். நூலக வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுப்பதும் நிற்க வேண்டும்.

மூன்றாவது தேர்வு. தலைவர் சீட்டு நீட்டிவிட்டார், சரி, அது இன்னொரு மேடைக்கு. பீரோவைத் திறக்கவும் நூலக வகுப்பைக் காக்கவும் கேட்டு வட்டாரக் கல்வி அலுவலரிடம் நாங்கள் கொடுக்கப்போகும் மனு வாசலுக்கு இடப்பக்கம் மேசையில் இருக்கிறது. பெற்றோர்கள் கையெழுத்தோடு பிள்ளையின் வகுப்பையும் எழுதுங்கள். பேனா கட்டிவைத்திருக்கிறோம். வணக்கம்.