இன்புட் காத்திருக்கும்போதே டைமரும் ஓடணும்! | பெரியப்பா தோப்புக்கு பைத்தான்

வணக்கம் மக்களே! கொழிஞ்சாம்பாறையில் கரண்ட் இருக்கும்போதே இதைப் பேசி முடித்துவிடுகிறேன். பெரியப்பாவுக்குத் தேங்காய்க் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். வண்டி வரவர எண்ணிக்கையை டைப் செய்வார். இப்போது அதே திரையில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை "வால்வை மாத்துங்க" என்று நினைவூட்டலும் வேண்டுமாம். இதே வேலைக்கு ஆண்டுக்கு 4,500 ரூபாய் கேட்டார் ஒருவர். நாலாயிரத்து ஐநூறு! ஒரு மணி அடிக்க! பைத்தானோடு இலவசமாகவே வருகிற த்ரெட்டிங் மாட்யூல் போதும், பிப் இன்ஸ்டால் போட்டு வேறெதையும் இறக்கக்கூடத் தேவையில்லை. நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, சிக்கல் என்ன? இன்புட் என்று எழுதிய வரிக்கு வந்ததும், என்டர் தட்டும் வரை நிரல் அங்கேயே நின்றுவிடும். பெரியப்பா டீ குடிக்கப் போனால் நிரலும் சும்மாதான் நிற்கும். அதனால் நினைவூட்டலை இன்னொரு த்ரெட்டில், அதாவது அதே நிரலுக்குள் தனியாக ஓடும் இன்னொரு இழையில், ஓட விடுகிறோம். ஒன்று காத்திருக்கும்போது மற்றொன்று ஓடும். பைத்தானில் ஜி.ஐ.எல். என்று, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓட விடும் ஒரு பூட்டு இருப்பதாகப் பயமுறுத்துவார்கள். இங்கே அது இடைஞ்சலே இல்லை, காத்திருக்கிற த்ரெட் அந்தப் பூட்டை விட்டுவிடும்.

த்ரெட் உருவாக்கும்போது டார்கெட் என்ற இடத்தில் ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுங்கள். பக்கத்தில் அடைப்புக்குறி போட்டால் அது முதல் த்ரெட்டிலேயே ஓட ஆரம்பித்து, உங்கள் இன்புட் வரியே வராது.

இப்போது எனக்குப் பிடிக்காத ஒன்று, சொன்ன விநாடி வரை த்ரெட்டைத் தூங்கவைக்கும் டைம் ஸ்லீப். 1,200 விநாடி ஸ்லீப் போட்டுவிட்டு நிரலை முடிக்கப் பாருங்கள். "நன்றி" என்று திரையில் வந்துவிடும், ஆனால் முடியாது! அந்த இன்னொரு த்ரெட் தூங்கி எழும் வரை பைத்தான் மூடவே மூடாது. த்ரெட் உருவாக்கும்போது டீமன் என்பதை ட்ரூ ஆக்கு, அதற்காக நிரல் காத்திருக்காது என்று எல்லாரும் சொல்வார்கள். ஆக்கினால் உடனே முடியும்தான், ஆனால் அந்த த்ரெட் பாதி வேலையில் அறுந்துவிடும். நம் த்ரெட் வால்வு மாற்றிய நேரத்தை ஃபைலில் எழுதுகிறதே, அது பாதி வரியில் நின்றால் என்ன செய்வது?

எனக்கு ஒரு த்ரெட் இன்னொன்றுக்குச் சைகை கொடுக்க உதவும் ஈவென்ட்தான் பிடித்திருக்கிறது. ஸ்லீப்புக்குப் பதில் ஈவென்டின் வெயிட், அதற்குள் 1,200. நேரம் முழுதாகக் கடந்தால் ஃபால்ஸ் வரும், மணி அடித்துவிட்டு மறுபடி சுற்றும். நடுவில் செட் கொடுத்தால் அந்த நொடியே ட்ரூ வரும், லூப் முடியும். அப்புறம் அந்த த்ரெட் முடியும் வரை காத்திருக்கச் சொல்லும் ஜாயின் போட்டுவிட்டால் ஃபைல் எழுதி முடித்த பிறகுதான் நிரல் மூடும். பெரியப்பா "போதும்" என்று தட்டியதும் பட்டென்று மூடியது பாருங்கள், அவ்வளவு அழகு!

ஆ, இதைச் சொல்லாமல் போகப் பார்த்தேன். த்ரெட்டிங்கில் டைமர் என்றே ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது ஒரே ஒரு முறைதான் அடிக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்க வேண்டும். நம் தோப்பு வேலைக்கு அது தோதுப்படாது.

கடைசியாக, பெரியப்பாவைப் பதறவைத்த விஷயம். அவர் 350 என்று டைப் செய்துகொண்டிருக்கும்போது நடுவில் "வால்வை மாத்துங்க" விழுந்து திரை குழம்பிவிட்டது. "கண்ணு, கணக்கு போச்சா?" என்றார். போகாது பெரியப்பா! டெர்மினல் டைப் செய்ததைத் தனியாக வைத்திருக்கிறது, என்டர் தட்டினால் 350 சரியாகவே போகும், பார்க்கத்தான் அலங்கோலம். நினைவூட்டலுக்கு முன்னால் ஒரு புது வரி, பின்னால் "எண்ணிக்கை:" என்ற கேள்வியை மறுபடி அச்சிட்டு, அது உடனே திரையில் தெரிய ஃப்ளஷ் ட்ரூ கொடுத்தேன். இப்போது ஓரளவு சுத்தமாக இருக்கிறது.

டிகின்டரில் ஜன்னல் வைத்து எழுதுகிறவர்கள் இதையெல்லாம் செய்யாதீர்கள், உங்களுக்கு, சொன்ன நேரம் கழித்து ஒரு வேலையை ஓட்டும் ஆஃப்டர் என்ற ஃபங்ஷனே போதும். அங்கே கணக்கு மில்லி விநாடியில், அதனால் 1,200 அல்ல, 12,00,000 கொடுக்க வேண்டும்.