சொல்லின் சுற்றம்

ஊத்தங்கரையிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் பேருந்தேறிக் கிருஷ்ணகிரிக்கு வந்திருக்கும், போட்டித் தேர்வுக்குப் படிக்கின்ற தம்பி தங்கையருக்கு என் வணக்கம்.

பள்ளி இறுதியாண்டில், ஓய்வுபெற்ற எங்கள் தலைமையாசிரியரை ஆங்கிலத்தில் வாழ்த்திப் பேசுகையில் அவரை ‘நொட்டோரியஸ்’ என்று குறிப்பிட்டேன். நான் மனப்பாடம் செய்திருந்த கையேட்டில் அச்சொல்லுக்கு நேரே ‘பெயர்பெற்ற’ என்று மட்டுமே அச்சாகியிருந்தது. கொள்ளையனுக்கும் மோசடிக்காரனுக்கும் வழங்கும் அடைமொழி அது என்று பின்னால் அறிந்தபோது எழுந்த வருத்தம் இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அச்சொல்லின் இலத்தீன் வேருக்கு ‘அறியப்பட்ட’ என்பதே பொருள். முன்னாளில் ஆங்கிலத்திலும் அது தீமை கலவாமல் வழங்கியதுண்டு. ஆனால் திருடன், குற்றவாளி என்னும் சொற்களோடு நெடுங்காலம் சேர்ந்தே நடந்ததால் அவற்றின் கறை அதன்மேலும் படிந்துவிட்டது. இது நமக்குப் புதிதன்று. ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று ஆண்டாள் பாடியபோது நறுமணத்தைக் குறித்த சொல்லை, இன்று பூவைப் பார்த்துக்கூட நாம் சொல்லத் துணிவதில்லை. ஆகவே ஒரு சொல்லைக் கற்பவர், அதன் பொருளோடு அது யாருடன் பழகுகிறது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

‘பேசு’ என்று பொருள்படும் ஓர் இலத்தீன் வேரிலிருந்து ‘எலக்வென்ட்’, ‘லொக்வேஷஸ்’ ஆகிய இரண்டும் பிறந்தன. நாவலருக்கும் வாயாடிக்கும் உள்ள தூரம் அவற்றுக்கிடையே உண்டு. தனிமொழியைக் குறிக்கும் ‘சொலிலக்வி’, பேச்சுவழக்கைக் குறிக்கும் ‘கொலோக்வியல்’ ஆகியவையும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே. வேரைத் தேட அஞ்சாதீர்கள். நம் மாங்காயும் போர்த்துகீசியர் வாய்வழியே சென்று ஆங்கிலத்தில் ‘மேங்கோ’வாகக் குடியேறியதுதான்.

நாளுக்கு ஐம்பது சொற்களை உருப்போடுவதை நான் ஏற்பதில்லை. மூன்று போதும். அவற்றை நாளிதழில் கண்ட வாக்கியத்தோடு குறிப்பேட்டில் எழுதி, மறுநாள் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைத்து, ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்று ஊர் திரும்பும் பேருந்திலேயே தொடங்கலாம். ‘பெனவலன்ட்’ என்றால் பிறர் நன்மையை விரும்புபவர். மலேரியா என்பது இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்று பொருள்படும். இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு, ‘மலெவலன்ட்’ என்பவர் யார் என்று அகராதியைத் திறக்காமலே சொல்லிப் பாருங்கள்.