பழைய மினி டிராக்டரில் லோடர் பூட்டலாமா? ஒரு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் எடுக்கிறேன், அதற்கே நேரம் சரியாக இருக்கும். பொன்னேரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். அப்பா வாங்கிய பழைய மினி டிராக்டர், 18 குதிரைத்திறன், கொட்டகையில் சும்மா நிற்கிறதாம். "அண்ணே, உங்க மாதவரம் பட்டறையில நிக்கிற மாதிரி இதையும் லோடர் ஆக்கணும். பின்னாடி இருக்கிற ஹைட்ராலிக்லேர்ந்தே லைன் எடுத்துடலாமா? எத்தனை டன் தூக்கும்?" என்று கேட்கிறார். லோடர் என்றால் முன்னால் பக்கெட் மாட்டி மண், மணல் அள்ளித் தூக்குகிற அமைப்பு.

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் கேட்பது அதைத்தான். பட்டறைக்கு வருகிறவர்களும் ஜாக்கியை, அதாவது எண்ணெய் அழுத்தத்தில் ராடு நீண்டு தள்ளும் உருளையை, தொட்டுப் பார்த்துவிட்டு "எத்தனை டன்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

என் வண்டியில் இருப்பது உள்விட்டம் 50 மில்லிமீட்டர் உள்ள இரண்டு ஜாக்கி. ஒன்றின் பிஸ்டன் பரப்பு 19.6 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 120 கிலோ பிரஷர் கொடுத்தால் ஒரு ஜாக்கி 2,350 கிலோ தள்ளும், இரண்டும் சேர்ந்தால் 4,700. உடனே ஐந்து டன் தூக்கும் என்று சந்தோஷப்படாதீர்கள். ஜாக்கி தள்ளுவது லோடர் கையின் மூட்டுக்குப் பக்கத்தில், பக்கெட் தொங்குவது அந்தக் கையின் நுனியில். என் அளவில் நுனிக்கு வந்து சேரும் விசை ஆறில் ஒரு பங்கு. பக்கெட்டில் கிடைப்பது 780 கிலோ சொச்சம், அதிலும் கையும் பக்கெட்டும் தன் எடைக்கு 150 கிலோவைத் தின்றுவிடும். மீதி 600-க்கு மேல். போதுமே என்பீர்கள். ஆனால் இந்த மாதிரி மினி டிராக்டரின் மொத்த எடையே 650 கிலோ அளவில்தான். ஜாக்கிக்கு இருக்கிற பலம் வண்டிக்கு இல்லை. மண் மேலே போவதற்குப் பதில் பின் சக்கரம் மேலே போகும்.

அதனால் எவ்வளவு தூக்கும் என்று கேட்காதீர்கள். தூக்கிய எடை எங்கே போய் உட்காருகிறது என்று கேளுங்கள். பக்கெட் முன் அச்சுக்கு 90 சென்டிமீட்டர் முன்னால் நிற்கிறது, இரண்டு அச்சுக்கும் நடுவே 1.4 மீட்டர் என்று வையுங்கள். 200 கிலோ மண் அள்ளினால் முன் அச்சில் ஏறுவது 200 இல்லை, 330-க்குக் கொஞ்சம் கம்மி. அந்த மிச்ச 130 எங்கிருந்து வந்தது? பின் அச்சிலிருந்து பிடுங்கியது. சீசா பலகை மாதிரிதான்.

பின்பக்கம் லேசானால் என்ன ஆகிவிடும்? இந்த வண்டிகளுக்கு பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான் இருக்கிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மணலியில் ஒரு யார்டில், மழை பெய்து ஈரமாக இருந்த எம்-சாண்டைப் பக்கெட் நிறைய அள்ளிக்கொண்டு சரிவில் இறங்கினேன். பின்னால் எதிர் எடை மாட்டவில்லை, பத்து நிமிட வேலைதானே என்ற அலட்சியம். பாதிச் சரிவில் பிரேக்கை மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டது, வண்டி மட்டும் சறுக்கிக்கொண்டே போகிறது. எதிரே காம்பவுண்ட் சுவர். கை தானாக லீவரைத் தள்ளிப் பக்கெட்டைத் தரையில் இறக்கிவிட்டது. அதுதான் அன்றைக்கு பிரேக். சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அதற்கப்புறம் நான் பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் வைத்துக்கொண்டு வண்டியை நகர்த்துவதே கிடையாது. சரிவு என்றால் மேலே ஏறும்போது பக்கெட் முன்னால், இறங்கும்போது ரிவர்ஸில். பாரம் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும்.

எதிர் எடைக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. 200 லிட்டர் பேரல் ஒன்றைப் பாதியாக அறுத்து, கான்கிரீட் கொட்டி, பின்னால் கலப்பை மாட்டுகிற மூன்று புள்ளி இணைப்பில் பூட்டுகிற மாதிரி இரும்பு பின்களை வைத்துவிடுங்கள். ஏறக்குறைய 240 கிலோ வரும். முழுப் பேரல் வேண்டாம், 480 கிலோவை இந்த லிஃப்ட்டில் தினமும் தொங்கவிடுவது பாவம். டயருக்குள் தண்ணீர் நிரப்புவதும் நல்லதுதான், ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. டயர்த் தண்ணீர் பின்பக்கத்தை அழுத்தும், முன்பக்கத்துக்கு ஒரு உதவியும் செய்யாது. பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் தொங்கும் கான்கிரீட் முன் அச்சிலிருந்து 100 கிலோவை எடுத்துவிடும். பாவப்பட்டது முன் அச்சுதான், அதற்கு யாராவது கை கொடுக்க வேண்டும். உழவுக்குச் செய்த அச்சு அது. ஸ்டப் ஆக்சில் (முன் சக்கரம் மாட்டுகிற குட்டை அச்சு), புஷ், பேரிங் மூன்றையும் கழற்றிப் பார்க்காமல் லோடர் வேலையை ஆரம்பிக்காதீர்கள். டயரையும் பிளை, அதாவது உள்ளே இருக்கும் அடுக்கு, கூடுதலாகப் பார்த்து மாற்றுங்கள்.

இன்னொன்று, முன் அச்சு நடுவில் ஒரே இரும்பு பின்னில் ஊசலாடுகிறது. நான்கு சக்கரம் இருந்தாலும் பக்கவாட்டில் சாயும்போது வண்டி மூன்று கால் ஸ்டூல்தான். பக்கெட்டை உயரத் தூக்கிக்கொண்டு ஒரு சக்கரத்தைப் பள்ளத்தில் விட்டால் கதை முடிந்தது.

சரி, பிரேம். லாரி மாதிரி டிராக்டருக்குக் கீழே சேஸிஸ் கிடையாது. இன்ஜின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ் மூன்றும் போல்ட்டால் சேர்ந்ததுதான் அதன் முதுகெலும்பு, அதுவும் வார்ப்பிரும்பு. ஒருவர் வெளியே எங்கோ லோடர் பூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பிளேட்டை கிளட்ச் ஹவுசிங்கில் மட்டும் போல்ட் போட்டிருந்தார்கள். ஆறு மாதத்தில் ஹவுசிங்கில் மயிரிழை விரிசல், அதன் வழியாக எண்ணெய்க் கசிவு. லோடர் தூண் நடுவில் நிற்கட்டும், தப்பில்லை. ஆனால் அதிலிருந்து 100 மில்லிமீட்டர் இரும்புச் சேனலை இரண்டு பக்கமும் பின் அச்சு ஹவுசிங் வரை கொண்டுபோய்க் கட்டுங்கள், முன்னால் பம்பர் பக்கமும் சேர்த்துக் கட்டுங்கள். இழுப்பும் தள்ளலும் சேனலில் போக வேண்டும், வார்ப்பில் போகக் கூடாது. ஹவுசிங் மீது நேராக வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. பின்னால் இருக்கிற ஹைட்ராலிக்கிலிருந்து லைன் எடுக்கலாமா? வேண்டாம். அது ஒரு பக்கம்தான் வேலை செய்யும். எண்ணெய் தள்ளித் தூக்கும், இறங்குவது தன் எடையில்தான். லோடருக்கு இறக்கும்போதும் அழுத்தம் வேண்டும், பக்கெட்டைக் கவிழ்க்கவும் நிமிர்த்தவும் இரண்டு பக்க விசை வேண்டும். அதனால் தனி பம்ப், தனி டேங்க், இரண்டு லீவர் கன்ட்ரோல் வால்வு, ரிட்டர்ன் பில்டர்.

பம்பைப் பின்னால் பி.டி.ஓ.வில் (இன்ஜின் சக்தியை வெளிக் கருவிகளுக்குக் கொடுக்கிற ஷாஃப்ட்) மாட்டினால் சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். என் பம்ப் ஒரு சுற்றுக்கு 8 சி.சி. தள்ளும். பி.டி.ஓ.வின் 540 சுற்றில் நிமிடத்துக்கு 4.3 லிட்டர் வரும். 45 சென்டிமீட்டர் ஓடுகிற இரண்டு ஜாக்கியும் நிரம்ப 1.77 லிட்டர் வேண்டும். ஒரு தடவை தூக்க 25 விநாடி! பக்கத்துக் கடையில் டீ சொல்லிவிட்டு வரலாம். முன்னால் கிராங்க் புல்லியில் கப்ளிங் போட்டு ஓட்டினால் 2,000 சுற்றில் 16 லிட்டர், ஆறேழு விநாடியில் வேலை முடியும். இதற்கு இன்ஜினிலிருந்து ஐந்து குதிரைத்திறன் போகும், 18-ல் அது பெரிய விஷயமில்லை. பெல்ட் போட்டு ஓட்டாதீர்கள். கியர் பம்ப் ஷாஃப்ட் பக்க இழுப்பைத் தாங்காது, சீல் போய்விடும்.

ஜாக்கியைக் காயலான் கடையில் எடுக்கலாம். நம் வட சென்னையில் துறைமுகமும் கன்டெய்னர் யார்டும் இருப்பதால் கழித்த ஃபோர்க்லிஃப்ட் சாமான் கிடைக்கும். ஆனால் பார்த்து எடுங்கள். மாஸ்ட்டைத் (ஃபோர்க்லிஃப்ட்டின் முன் தூண்) தூக்குகிற ஜாக்கி ஒரு பக்க ஜாக்கி, நமக்கு உதவாது. மாஸ்ட்டைச் சாய்க்கிற ஜாக்கிதான் இரண்டு பக்கமும் எண்ணெய் போகிற வகை. ஹோஸ் துவாரம் எத்தனை என்று எண்ணினாலே தெரிந்துவிடும். ராடின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். எண்ணூர், திருவொற்றியூர் உப்புக் காற்றில் வெளியே கிடந்த ராடில் குரோம் உரிந்து சின்னச் சின்னக் குழி இருக்கும், புது சீல் போட்டாலும் வாரத்தில் அறுத்துவிடும். எங்கள் வண்டியில் வேலை முடிந்ததும் பக்கெட்டைத் தரையில் வைத்து, வெளியே நிற்கிற ராடுக்கு கிரீஸ் தடவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்.

ஹோஸை மட்டும் பழசு வாங்காதீர்கள். இரட்டைக் கம்பிப் பின்னல் உள்ள புது ஹோஸ் போடுங்கள். பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் போனால் பைப், பிட்டிங் எல்லாம் பார்த்து வாங்கலாம். ஹோஸில் ஊசித் துளை விழுந்து எண்ணெய் பீச்சினால் கையால் தடவித் தேடக் கூடாது. அந்த வேகத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு பொட்டுக் காயம்தான் தெரியும், உள்ளே சதை அழுகிவிடும். அட்டையைக் காட்டித் தேடுங்கள். தப்பித்தவறி ஏறிவிட்டால் வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், எண்ணெய் ஏறியது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தூக்கிய பக்கெட்டுக்குக் கீழே வேலை என்றால் லோடர் கைக்கு இரும்பு முட்டு வைக்காமல் தலையை நுழைக்காதீர்கள்.

உங்கள் வண்டி கொட்டகையில் நிற்கிறது என்றீர்களே, 2023 மிக்ஜாம் புயலில் அங்கே தண்ணீர் ஏறியதா? எங்கள் ஷெட்டில் முழங்கால் அளவு நின்றது. கியர்பாக்ஸ் எண்ணெயை இறக்கிப் பார்த்தால் பால் ஊற்றிய டீ நிறம், தண்ணீர் கலந்திருக்கிறது. உங்களுடையதிலும் முதலில் டிரெயின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அது அப்படி இருந்தால் லோடர் பேச்சே அப்புறம்தான்.

பக்கெட் அளவு சொல்ல விட்டுவிட்டேன். நான்கு அடி அகலம், தளும்பாமல் 120 லிட்டர். காய்ந்த மணலில் அதுவே 200 கிலோ ஆகிவிடும், ஈர மணலில் இன்னும் கூடும். எருவுக்குப் பெரிய பக்கெட் ஒன்று தனியாகச் செய்துகொள்ளுங்கள், அதை மணலுக்கு மாட்டாதீர்கள். பல் வைக்க வேண்டாம், குவியலில் அள்ளுகிற வண்டிக்கு அடியில் ஒரு கெட்டிப் பட்டை வெட்டு பிளேடு போதும். பூமியைத் தோண்ட இது ஜே.சி.பி. இல்லை.

ரோட்டில் ஓட்டலாமா என்று தம்பியே முணுமுணுத்துவிட்டு விட்டார், அது பதிவில் கேட்கிறது. உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. உங்கள் தோட்டத்துக்குள், களத்துக்குள் ஓட்டுங்கள். அடுத்த தடவை அந்த முன் அச்சைக் கழற்றிப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் தம்பி, ஸ்டப் ஆக்சில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மீதியைப் பேசுவோம்.