அணிவகுக்கும் முன் சாலையைப் பாருங்கள்

நண்பர்களே, வணக்கம்.

மேசைமேல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஒரே மாலையில் ஆடி முடிக்கும் போர் விளையாட்டில் படையை நிறுத்துவது பெரிய வேலை இல்லை. குன்றின்மேல் பீரங்கி, கிராமத்துக்குள் காலாட்படை, ஓரத்தில் குதிரைப்படை, முடிந்தது. நெப்போலியன் காலத்துப் படையெடுப்பு ஒன்றை மாதக்கணக்கில் தொடராக ஆடும்போது இந்தப் பழக்கம் காலை வாரிவிடும். முந்தின நாள் வரைபடத்தில் ஒரு படைப்பிரிவு எந்தச் சாலையில் நடந்தது, ராத்திரி எங்கே தங்கியது என்பதை வைத்துத்தான் மறுநாள் மேசையில் அது எங்கே நிற்கலாம் என்று நடுவர் சொல்வார். தோற்றாலும் மிச்சம் இருக்கும் படையை வைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தாக வேண்டும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பொம்மைச் சிப்பாய்களை எடுத்து வைக்கும் முன் சாலைகளைப் பாருங்கள்.

1805 டிசம்பர் 2, ஆஸ்டர்லிட்ஸ் போர். இன்றைய செக் நாட்டில், புர்னோ நகருக்குப் பக்கம். ரஷ்ய, ஆஸ்திரியக் கூட்டணியிடம் ஏறத்தாழ 85,000 பேர். நெப்போலியனிடம் 73,000 பேர் அளவில். களத்தின் நடுவில் இருந்த பிராட்சன் மேட்டை அவர் தானாகவே விட்டுக்கொடுத்தார். வலது பக்கம், கோல்ட்பாக் ஓடையோரத்தில் தெல்னிட்ஸ், சோகோல்னிட்ஸ் என்று இரண்டு கிராமங்கள். அங்கே தன் தளபதி லெக்ராண்டின் டிவிஷனை (சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) மட்டும் ஒல்லியாகப் பரப்பி வைத்தார். "வா, இங்கே வந்து அடி" என்று எதிரியைக் கூப்பிடுவது போன்ற ஏற்பாடு.

இதை அசாத்தியத் துணிச்சல் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் கணக்குதான் தெரிகிறது. வியன்னாவிலிருந்து வரும் சாலையில் நெப்போலியனின் மார்ஷல் டாவூ வந்துகொண்டிருந்தார். அவருடைய ஃப்ரியான் டிவிஷன் ஏறத்தாழ 110 கிலோமீட்டரை இரண்டே நாளில் நடந்து கடந்தது. காலையில் அந்த ஒல்லியான வரிசை திணறியபோது கைகொடுத்தது அவர்கள்தான். நம் மேசையில் இதைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் நடுவரிடம் கேளுங்கள்: என் டாவூ எத்தனை மணிக்கு வருவார், எந்த ஓரத்திலிருந்து வருவார்? பதில் தெரியாமல் வலது பக்கத்தைக் காலியாக விட்டால், அது வெறும் ஓட்டை.

சரி, எதிர்ப்பக்கம் என்ன நடந்தது? ஆஸ்திரியத் தளபதி வைரோட்டர் முந்தின இரவு நீண்ட திட்டம் ஒன்றை வாசித்தார், ரஷ்யத் தளபதி குட்டூசோவ் கண்ணயர்ந்துவிட்டார். எல்லாரும் சொல்லும் கதை அது. ஆட்டக்காரர்களான நமக்கு அதைவிட முக்கியம், கூட்டணித் தளபதி லிக்டன்ஸ்டைனின் குதிரைப்படை அன்றிரவு தவறான இடத்தில் முகாமிட்டதுதான். விடிந்ததும் தன் இடத்துக்குப் போக அது வடக்கே திரும்ப வேண்டியிருந்தது. காலாட்படையோ தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. குறுக்கே குதிரைகள் போய் முடியும்வரை லான்ஜெரோனின் காலாட்படை கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நின்றது. பகடை உருட்டும் முன்பே ஒரு மணி நேரம் வீண்! வரைபடத்தில் அம்புக்குறி போடும்போது, எந்த அம்பு எந்த அம்பை வெட்டுகிறது என்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

நடுவில், பள்ளத்து மூடுபனிக்குள், நெப்போலியனின் மார்ஷல் சூல்ட்டின் இரண்டு டிவிஷன்கள் மறைந்து நின்றன. மேட்டில் ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று நெப்போலியன் கேட்டார். 20 நிமிடத்துக்குள் ஏறிவிடலாம் என்றார் சூல்ட். அப்புறமும் நெப்போலியன் கால் மணி நேரம் பொறுத்தார், மேட்டிலிருந்து எதிரி இன்னும் இறங்கட்டும் என்று. ஒளித்து வைத்த படைக்கும் போகும் வழியும் ஆகும் நேரமும் கையில் இருக்க வேண்டும். ஆட்டத்தில் ஒளிந்திருக்கும் படையைக் குறிக்கும் மறைவுச் சீட்டுகளைத் தாராளமாக வைக்கிறோம். அவை எழுந்து நடக்க எத்தனை சுற்று ஆகும் என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

கடைசியாக, வெளியேறும் சாலை. 1807 ஜூன் 14, ஃப்ரீட்லாந்து போர், நெப்போலியனுக்கும் ரஷ்யாவுக்கும். ரஷ்யத் தளபதி பெனிக்சன் ஆலே ஆற்றை முதுகுக்குப் பின்னால் வைத்து அணிவகுத்தார். போதாக்குறைக்கு ஓர் ஓடை அவர் படையை இரண்டாகப் பிரித்தது. மாலையில் பிரெஞ்சுக்காரர்கள் ஊருக்குள் நுழைந்தபோது பாலங்கள் எரிந்துகொண்டிருந்தன. அடுத்த மாதமே டில்சிட் என்ற ஊரில் ரஷ்யா சமாதானத்துக்கு உட்கார்ந்தது. ஒற்றை ஆட்டத்தில் இது ஒரு தோல்வி, அவ்வளவுதான். தொடரில் இதுதான் தொடரின் முடிவு. எனவே அணிவகுப்பு வரைபடத்தை நடுவரிடம் கொடுக்கும்போது, ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் எந்தப் பாலம், எது முதலில் கடக்கும், எது கடைசிவரை நின்று காக்கும் என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள். தோற்று ஓடும்போது அதை யோசிக்க நடுவர் நேரம் தரமாட்டார், தரவும் கூடாது.