ஒரு சோறு பதம்: ஹிட்மேன் விமர்சனங்களை முன்வைத்து

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்தக் கூடத்தையும் திரையையும் ஒலிபெருக்கியையும் முகம் கோணாமல் ஒதுக்கித் தந்த நூலகர் அம்மா அவர்களே, தம் மாணவர்களைத் திரட்டி அழைத்து வந்திருக்கும் கணினித் துறைப் பேராசிரியர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த எழுத்தாளர்களே, பின்வரிசையில் நிற்க இடம் பிடித்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பேராசிரியருக்குத் தனியாக ஒரு நன்றி. வாசகர் வட்டத்தில் வீடியோ கேம் பற்றிப் பேசலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். தலைவர் அவர்களும் மறுபேச்சில்லாமல் தேதி கொடுத்தார். இந்த வட்டத்தைப் பல ஆண்டுகளாகக் கட்டிக் காத்துவரும் அவருடைய பெருந்தன்மைக்கு இதுவே சாட்சி. நூலகர் அம்மாவைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்; இந்த ஊரில் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

இன்று மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்திருக்கிறேன். 2016-இல் வந்த ஹிட்மேன் என்ற கேமை விமர்சகர்கள் எப்படி எடை போட்டார்கள் என்பது முதலாவது. அந்தக் கேமின் கதை எப்படிப்பட்டது என்பது இரண்டாவது. தமிழில் கேம் விமர்சனம் எப்படி எழுதப்பட வேண்டும் என்பது மூன்றாவது.

கோபன்ஹேகன் நகரத்தில் ஐஓ இன்டராக்டிவ் என்று ஒரு நிறுவனம். ஏஜென்ட் 47 என்ற மொட்டைத்தலைக் கூலிக் கொலையாளியை வைத்து 2000-ஆம் ஆண்டிலிருந்து கேம் செய்கிறார்கள். கொலை என்றதும் பெற்றோர் சிலர் நெளிகிறீர்கள். பெரியவர்களுக்கான கேம்தான், சிறுவர் கையில் கொடுக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் சுட்டுத் தள்ளுகிறவன் தோற்பான். பதுங்கி, வேடமிட்டு, காத்திருந்து, யாருக்கும் தெரியாமல் காரியத்தை முடித்து வெளியேறுகிறவனே ஜெயிப்பான். இதே வரிசையில் 2012-இல் வந்த அப்சல்யூஷன் கேமில் இந்தச் சுதந்திரம் குறைந்துபோய்விட்டது, ஒரே பாதையில் நடக்கவிடுகிறார்கள் என்று ரசிகர்கள் கொதித்திருந்தார்கள். அடுத்த கேம் 2015 டிசம்பரில் வரவேண்டியது. அது 2016 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அப்புறம், முழுசாக வராது, அத்தியாயம் அத்தியாயமாகத்தான் வரும் என்று அறிவித்தார்கள்.

மார்ச் 11-இல் பாரிஸ் என்ற முதல் அத்தியாயம் வந்தது. ஒரு பயிற்சிப் பகுதி, ஒரு மாளிகை, அதில் ஒரு ஃபேஷன் ஷோ, கொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர். அவ்வளவுதான். விமர்சகர்களுக்குத் தர்மசங்கடம். மாளிகை பிரமாதம், ஆனால் இதை வைத்து என்ன மதிப்பெண் போடுவது? சில தளங்கள் அத்தியாயத்துக்கு ஒரு விமர்சனம் என்று எழுதின, சில முழுசும் வரட்டும் என்று காத்திருந்தன. காசுக்கு ஏற்ற அளவு இல்லை, சர்வர், அதாவது இணையம் வழி கேமோடு பேசுகிற நிறுவனத்தின் கணினி, படுத்துகிறது, பாரிஸில் நிற்கிற காவலாளி அமெரிக்கக்காரன் போலப் பேசுகிறான் என்றெல்லாம் குறை வந்தது. குறைகள் எல்லாம் உண்மைதான்.

நான் எந்த மேடையிலும் சொல்கிற பழமொழி உங்களுக்குத் தெரியும்: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். இங்கே என்ன நடந்தது? பதம் பார்க்க ஒரு சோற்றை எடுத்தார்கள், சரி. ஆனால் மீதி அரிசி அப்போது உலையிலேயே விழவில்லை.

ஏப்ரல் 26-இல் சப்பியன்ஸா வந்தது. இத்தாலியக் கடற்கரையில் ஒரு கற்பனை ஊர். தேவாலயம், சந்து, ஐஸ்கிரீம் கடை, குன்றின் மேல் ஒரு வில்லா, அதன் அடியில் நச்சுக்கிருமி தயாரிக்கிற ஆய்வுக்கூடம். இது வந்த பிறகு விமர்சனத்தின் குரலே மாறியது. இந்தத் தொடரின் மிகச் சிறந்த லெவல்களில் ஒன்று என்று இன்றுவரை எழுதுகிறார்கள். அத்தியாயமாக விற்றது வியாபாரத் தந்திரம் என்று எழுதியவர்களே, ஒரே ஊரில் ஒரு மாதம் சுற்றித் திரிய வைத்ததால்தான் அதன் அழகு தெரிந்தது என்று எழுதும்படி ஆயிற்று.

என் வீட்டிலேயே அதைக் கண்ணால் பார்த்தேன், கேளுங்கள். என் சித்தப்பா தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, கல்லூரியில் படிக்கும் என் மகன் சப்பியன்ஸாவை ஆடிக்கொண்டிருந்தான். தாத்தா பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பையன் ஏஜென்டை வில்லா வாசலை நோக்கி ஓடவிட்டான். "ஓடாதடா. ஓடுறவனைத்தான் ஊரே பார்க்கும்" என்றார். பையன் நிறுத்தினான். "அந்தக் காவலாளி எந்தப் பக்கம் போறான், எங்கே நிக்கிறான், ஒரு சுற்றுப் பார்த்துட்டு அப்புறம் போ." பார்த்தான். காவலாளி சுற்றி வந்து அதே இடத்தில் நின்றான். தாத்தாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எல்லா ஊர்லயும் ரோந்து இப்படித்தான்டா!"

பிறகு பையன் சமையல்காரன் உடையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனான். தோட்டத்துக் காவலாளிகள் கண்டுகொள்ளவில்லை. அடுப்படியில் மட்டும் ஒருவர் தலைக்கு மேல் வெள்ளைப் புள்ளி. அப்படிப் புள்ளி உள்ளவர் நம் வேடத்தைக் கண்டுபிடித்துவிடுவார் என்று பையன் விளக்க ஆரம்பித்தான். சித்தப்பா கையமர்த்தினார். "அதை நீ எனக்குச் சொல்றியா? காக்கிச் சட்டையைப் போட்டா ஜனங்க முகத்தைப் பார்க்க மாட்டாங்க. அதே ஸ்டேஷன்காரன் பார்ப்பான். சமையல்காரனுக்குத் தன் ஆளு யாருன்னு தெரியாதா?" உலகத்து விமர்சகர்கள் எல்லாம் பத்தி பத்தியாக எழுதிய வேட முறையை எங்கள் சித்தப்பா மூன்றே வாக்கியத்தில் முடித்துவிட்டார்! காலாவதியான சாஸ் டப்பாவை எடுத்துச் சாப்பாட்டில் கலக்கப் போனபோது, "இரு, இரு, அந்த அம்மா திரும்பட்டும்" என்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். எங்கள் வீட்டில் அன்று சோறு ஆறிப்போய்க் கிடந்தது, யாரும் சாப்பிட வரவில்லை.

மறுநாள் காலை பையன் கேமைத் திறந்தான். சர்வரோடு இணைக்கிறது என்று திரையில் எழுத்து ஓடியது. சித்தப்பா கேட்டார்: "இதுல நீ ஒருத்தன்தானே ஆடுற? எதுக்கு வெளியே யார்கிட்டயோ அனுமதி கேட்குது?" எங்கள் இருவருக்கும் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குத் திரும்ப வருகிறேன். மே 31-இல் மராகேஷ், ஆகஸ்ட் 16-இல் பாங்காக், செப்டம்பர் 27-இல் கொலராடோ. கொலராடோவில்தான் சறுக்கல். ஆயுதக் குழுவினரின் பண்ணை, திரும்பிய பக்கமெல்லாம் தடைசெய்யப்பட்ட இடம், நான்கு இலக்குகள். கூட்டத்தில் கலந்து நடக்கிற சுகமே இல்லை. பெரும்பாலோர் இதைத்தான் ஆறில் பலவீனமானது என்றார்கள். அக்டோபர் 31-இல் ஹொக்கைடோ வந்து மானத்தைக் காத்தது. பனிமலையில் ஒரு மருத்துவமனை. போட்டிருக்கிற உடையே கதவுக்குச் சாவி. எந்த உடையோ அந்தக் கதவுதான் திறக்கும். ஆக, பாரிஸைப் பதம் பார்த்தவனுக்கு சப்பியன்ஸா தெரியாது. கொலராடோவைப் பதம் பார்த்தவனுக்கு ஹொக்கைடோ தெரியாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே உலையில் வெந்த சோற்றுக்குத்தான். ஆண்டு முடிவில் ஜயன்ட் பாம்ப் என்ற கேம் விமர்சனத் தளம் இதையே அந்த ஆண்டின் சிறந்த கேமாகத் தேர்ந்தெடுத்தது. 2017 ஜனவரியில் ஆறும் ஒரே டிஸ்க்கில் வந்தன.

கதை பற்றிச் சொல்வதாக இருந்தேன். கதை மெலிந்தது, அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு சின்னக் காட்சியோடு நின்றுவிடுகிறது என்பது பொதுவான தீர்ப்பு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது.

எலுசிவ் டார்கெட் என்று ஒரு பகுதி வைத்தார்கள். சில நாட்களுக்கு மட்டும் ஒரு புது ஆள் வருவான். தவறவிட்டால் போனது போனதுதான், தோற்றாலும் மறு வாய்ப்பில்லை. நடுவில் சேவ் செய்ய முடியாது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், உண்மையிலேயே நெஞ்சு படபடக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள் தலைவர் அவர்களே, காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஒரு பகுதி நம் கண்முன்னே மறைகிறது, அதற்கு நாம் கைதட்டுகிறோம்! சித்தப்பா கேட்ட கேள்வியும் இங்கேதான் வருகிறது. இன்டர்நெட் இல்லாவிட்டால் இந்தக் கேமில் சவால்கள் இல்லை, புதுக் கருவி இல்லை, புதிதாகத் தொடங்குமிடம் திறக்காது. இணைப்போடு சேவ் செய்ததை இணைப்பில்லாமல் திறக்க முடியாது. அன்றே பல விமர்சகர்கள் இதைக் குறை சொன்னார்கள், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் ஒரு வரியில் சொல்லிவிட்டு, மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

பிறகு என்ன நடந்தது? 2017 மே மாதம், வெளியீட்டாளரான ஸ்கொயர் எனிக்ஸ் ஐஓ நிறுவனத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. ஜூனில் ஐஓ தன்னை மீட்டுக்கொண்டது, ஹிட்மேன் உரிமையும் அவர்களிடமே தங்கியது. அது நல்ல காலம். இல்லாவிட்டால் அந்த சர்வரை யார் நடத்தியிருப்பார்கள்? 2018-இல் ஹிட்மேன் 2 வந்தபோது அத்தியாய முறையையே விட்டுவிட்டார்கள். சர்வரை விடவில்லை. 2021 செப்டம்பரில் இந்த 2016 கேமை ஜிஓஜி என்ற இணையக் கடையில் விற்பனைக்கு வைத்தார்கள். பூட்டில்லாத, யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓடுகிற கேம் மட்டுமே விற்போம் என்று பெயர் வாங்கிய கடை அது. வாங்கியவர்கள் பொங்கி எழுந்து, ஒற்றை நட்சத்திர விமர்சனங்களாக எழுதிக் குவித்தார்கள். அக்டோபரில் கடை அந்தக் கேமை எடுத்துவிட்டது. ஹிட்மேனுக்கு வந்த விமர்சனங்களிலேயே எனக்கு மிக உயர்ந்ததாகப் படுவது அந்த ஒற்றை நட்சத்திரங்கள்தான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அவர்கள்தான் சரியான இடத்தில் சோற்றை எடுத்துப் பார்த்தார்கள்.

2024-இல் யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம் தன் தி க்ரூ என்ற கார் பந்தயக் கேமின் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்தவர்கள் கையில் வெறும் டிஸ்க். அதிலிருந்து எழுந்த ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் (கேம்களைக் கொல்லாதீர்கள்) இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்து தாண்டியது. அந்த ஏஜென்ட் பிறந்த டென்மார்க்கில், வெளியாகிற கணினி விளையாட்டையும் புத்தகத்தைப் போலவே அரச நூலகத்தில் சேர்த்து வைக்கிறார்கள். நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டின் சட்டம் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு படியைச் சென்னை கன்னிமாராவுக்கு அனுப்பச் சொல்கிறது. நூலகர் அம்மா தலையசைக்கிறார். கேமுக்கு இங்கே அப்படி ஓர் இடம் வேண்டும் என்பதே என் கோரிக்கை. விமர்சனம் எழுதுகிற தம்பிகளிடமும் தங்கைகளிடமும் இன்னொன்று கேட்கிறேன்: கிராஃபிக்ஸ் எப்படி, கதை எப்படி என்று எழுதும்போது, சர்வர் நின்றால் இது ஓடுமா என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பொது நூலக இயக்குநருக்கு அனுப்ப ஒரு மனு தயாராக இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார், அவருக்கு என் வணக்கம். பேராசிரியர் கையில் தாள் இருக்கிறது. மாணவர்கள் பெயரோடு, எந்தக் கேமைக் காப்பாற்ற விரும்புகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். போகும் முன் எல்லோரும் கையெழுத்திட்டுப் போகவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.