முயலோடு சேர்த்துக் கொடுக்கும் தாளில் என்ன எழுதலாம்?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "எங்கள் வீட்டு முயல் ஆறு குட்டி போட்டிருக்கிறது. தெரிந்தவர்களுக்குக் கொடுக்கப் போகிறோம். யாருமே இதற்கு முன்பு முயல் வளர்த்ததில்லை. கூடவே ஒரு பராமரிப்புக் குறிப்பும் கொடுக்க ஆசை. ஆனால் தேடித் தேடிப் படித்தால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார். நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன், சரியா என்று பாருங்கள், டாக்டர்."

முதலில் உங்களுக்கு ஒரு நன்றி. முயல் கொடுப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. கூடவே தாள் கொடுப்பவர்கள் குறைவு.

தகவல்கள் ஏன் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர்கள் இதிலும் உண்டு, "எங்கள் முயல் இதைத் தின்றுதான் வளர்ந்தது" என்பார்கள். அதை விடுங்கள். முக்கியமான காரணம் வேறு. முயலைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி பண்ணை முயலுக்காக எழுதப்பட்டது. இறைச்சிக்காக வளர்க்கும் முயலின் ஆயுளே பெரும்பாலும் இரண்டரை, மூன்று மாதம்தான். அதற்குள் எடை ஏற வேண்டும். அதனால் குச்சித் தீவனத்தை, அதாவது அரைத்து அழுத்திச் சிறு குச்சிகளாக விற்கும் பெல்லட்டை, தட்டு நிறையக் கொட்டு, கம்பிவலைத் தரையில் வை, சுத்தம் செய்வது சுலபம் என்று இருக்கும். அதை எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவருடைய முயல் வேறு. உங்கள் குட்டி எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வாழப்போகிறது. தட்டு நிறையத் தீவனம் தின்றால் கொழுத்துப்போகும், பல் கெடும். கம்பிவலையில் வருடக்கணக்கில் உட்கார்ந்தால் பின்னங்காலில் புண் வரும். ஆகவே எதைப் படித்தாலும், இது எந்த முயலுக்காக எழுதியது என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இப்போது உங்கள் நான்கு பக்கம். படித்தேன். தவறு என்று சொல்ல அதிகம் இல்லை. ஆனால் முதல் பக்கம் முழுவதும் இனங்களின் பெயர், முயல் எலி இனம் அல்ல என்ற விளக்கம், வரலாறு. எனக்கே படிக்க நன்றாக இருந்தது. ஆனால் குட்டியை மடியில் வைத்துக்கொண்டிருப்பவர் அதைப் படிக்க மாட்டார். அவசரமானது மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒளிந்திருக்கிறது: "சாப்பிடாமல் இருந்தால் கவனிக்கவும்." இதைத் தூக்கி முதல் வரியாகப் போடுங்கள். "கவனிக்கவும்" என்று எழுதாதீர்கள். கவனித்துக்கொண்டே இருந்துவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: "முயல் பத்து, பன்னிரண்டு மணி நேரமாக எதுவும் தின்னவில்லை, அல்லது புழுக்கை போடவில்லை என்றால் அது அவசரநிலை. அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்."

ஏன் இவ்வளவு அவசரம் என்று ஒரு வரி சேருங்கள். காரணம் தெரிந்தால்தான் மனிதர்கள் நம்புவார்கள். முயலின் குடல் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய ஒன்று. நார்ச்சத்து உள்ளே போகப் போகத்தான் அது நகரும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் நின்றால் உள்ளே இருப்பது நொதித்து வாயு சேரும், வலி வரும், வலியால் இன்னும் சாப்பிடாது. இந்தச் சுழல் ஒரே நாளில் உயிரை எடுத்துவிடலாம். நாய் ஒருவேளை சாப்பிடவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று நாம் பழகியிருக்கிறோம் பாருங்கள், அந்தப் பழக்கம்தான் இங்கே ஆபத்து. அதோடு, முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. நோவைக் காட்டினால் பிடித்துத் தின்றுவிடுவார்கள் என்பது அதன் இரத்தத்தில் ஊறியது. கத்தாது, முனகாது. ஒரு மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருக்கும். "சாதுவாக இருக்கிறதே" என்று நினைப்போம். ஆகவே அதன் முகத்தைவிடப் புழுக்கையைப் பார்ப்பது நம்பகமானது. தினமும் உருண்டையாக, ஒரே அளவில், ஏராளமாகக் கிடக்க வேண்டும். சிறுத்துப்போனாலோ எண்ணிக்கை குறைந்தாலோ உள்ளே ஏதோ ஆகிறது.

அப்புறம், உங்கள் குறிப்பில் "கொஞ்சம்" என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது தெரியுமா? நான் எண்ணினேன், ஒன்பது. கொஞ்சம் தீவனம், கொஞ்சம் கீரை, கொஞ்சம் பழம். ஒருவருடைய கொஞ்சம் இன்னொருவருக்கு ஒரு கிண்ணம். வளர்ந்த முயலுக்குக் குச்சித் தீவனம் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராம். இரண்டு கிலோ முயல் என்றால் 50 கிராம். அவ்வளவுதான். உங்கள் வீட்டில் ஒரு சிறிய கிண்ணத்தை எடுத்து எடைபோட்டுப் பார்த்து, அந்தக் கிண்ணத்தையே முயலோடு கொடுத்துவிடுங்கள். நான்கு பக்கம் எழுதுவதைவிட அது நன்றாக வேலை செய்யும். வளரும் குட்டிக்கு இந்தக் கணக்கு இல்லை, ஆறு மாதம் வரை கூடுதலாகத் தேவைப்படும் என்பதையும் குறிப்பிடுங்கள்.

கட்டுப்பாடே இல்லாமல் கொடுக்கக்கூடியது உலர்புல். சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்காவது அதுதான். ஒவ்வொரு நாளும் குறைந்தது முயலின் உடம்பளவு ஒரு கட்டு. இங்கே நம் மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஹே என்று எழுதியிருப்பதை வைக்கோல் என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். வைக்கோல் என்பது தானியம் அடித்த பிறகு மிஞ்சும் தாள். ஹே என்பது புல்லாகவே அறுத்து, பச்சை மணம் போகாமல் காயவைத்தது. வைக்கோலைப் படுக்கையாகப் போடலாம், கடிக்கவும் கடிக்கும், ஆனால் சாப்பாடாக அது போதாது. இன்னொன்று குதிரைமசால், ஆங்கிலத்தில் ஆல்ஃபால்ஃபா என்னும் தீவனச் செடி. காய்ந்தாலும் பச்சையாக இருந்தாலும் அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குட்டிக்குச் சரி. வளர்ந்த முயலுக்குத் தினமும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் மணலாகச் சேரும். முயலின் உடம்பு உணவிலிருந்து தாராளமாகச் சுண்ணாம்பை இழுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீர் வழியாகத்தான் தள்ளுகிறது.

புல் குடலுக்கு மட்டுமல்ல, பல்லுக்கும் வேண்டும். முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பல் வாரத்துக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். தீவனம் வாயில் இரண்டு கடியில் பொடியாகிவிடுகிறது, அதனால் கடைவாய்ப்பல் தேயாது. முனை கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். எச்சில் ஒழுகுகிறது, தீனிக்கு அருகில் போய்விட்டுத் திரும்பி வருகிறது என்று கொண்டுவருகிறவர்களின் முயலைப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான்.

கேரட்? கார்ட்டூன் முயல் தின்னலாம், அதற்குப் பல் வைத்தியம் தேவைப்படவில்லை. கேரட் இனிப்புள்ள கிழங்கு, பழத்தைப் போல எப்போதாவது ஒரு வில்லை. மேலே இருக்கும் இலை நல்லது.

இனி உங்கள் தாளில் இல்லாத ஒரு பகுதி. "இதற்கெல்லாம் பயப்படாதீர்கள்" என்று ஒரு தலைப்பு போடுங்கள். புதிதாக வளர்ப்பவர்கள் தொலைபேசியில் பதறுவதில் பாதி இயல்பான விஷயங்களுக்குத்தான். முதலாவது, தன் மலத்தையே தின்கிறது என்பது. ஆமாம், தின்னும், தின்ன வேண்டும். முயல் இரண்டு விதமாகப் போடும். காய்ந்த உருண்டை ஒன்று. மற்றது மெத்தென்று, பளபளப்பாக, திராட்சைக் கொத்து போல இருக்கும். நுண்ணுயிர்கள் தயாரித்த வைட்டமினும் புரதமும் அதில் இருக்கின்றன. பின்புறத்திலிருந்து நேராக வாயில் எடுத்துக்கொள்ளும். இந்த மெத்தென்ற வகை தின்னாமல் தரையில் கிடந்தால்தான் தீவனம் அதிகமாகிவிட்டது, அல்லது முயலால் குனிய முடியவில்லை என்று பொருள். இரண்டாவது, சிவப்புச் சிறுநீர். தின்ற செடியின் நிறமியால் ஆரஞ்சு, செம்பழுப்பு என்று வரலாம். ஒரே நிறமாக இருந்து, முயல் நன்றாகத் தின்று ஓடினால் ஒரு நாள் பார்க்கலாம். தெளிந்த சிறுநீரில் சிவப்புத் திட்டு தனியாகத் தெரிந்தால், முக்கினால், காத்திருக்கக் கூடாது.

மூன்றாவதை ஒரு சம்பவமாகச் சொல்கிறேன். ஒரு தம்பதியர் பிறந்து மூன்று நாளான குட்டிகளைச் செருப்புப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். தாய் ஒதுக்கிவிட்டது, பக்கத்திலேயே போவதில்லை, புட்டிப்பால் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். குட்டிகளைத் திருப்பிப் பார்த்தேன். வயிறு ஒவ்வொன்றுக்கும் பந்து மாதிரி. தாய் முயல் நாளுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். கூட்டின் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும் அல்லவா. அந்த அம்மாவிடம், "தாய் நல்ல தாய்தான், நீங்கள் தூங்கும்போது வந்துபோகிறது" என்றேன். அப்படியே கூட்டில் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். புட்டிப்பால் தொடங்கியிருந்தால், பால் மூச்சுக்குழலில் ஏறிச் சில குட்டிகள் போயிருக்கலாம்.

இதைச் சொல்லும்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். குட்டிகளின் அப்பாவைப் பிரித்துவிட்டீர்களா? ஈன்ற அன்றே தாய் மறுபடி சினையாகும். சினைக்காலம் 31 நாள்தான். இன்னும் பிரிக்கவில்லை என்றால், அடுத்த ஆறேழு குட்டிகளுக்கும் தாள் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பால் அடையாளம் பற்றி, அதாவது ஆணா பெண்ணா என்பது பற்றி. எட்டு வாரக் குட்டியில் தவறு நடப்பது சகஜம். "இரண்டும் பெண்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் அதை நம்பி ஒரே கூண்டில் விடுவார்கள். அதனால் "மூன்று மாதம் முடிவதற்குள் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்யவும், அதுவரை பெண் என்று நம்ப வேண்டாம்" என்று எழுதுங்கள். முயல் துணையோடு வாழும் பிராணி, இரண்டாகக் கொடுப்பது நல்லது. ஆனால் கருத்தடை பற்றிப் பேசாமல் இரண்டாகக் கொடுத்தால் அது பாதித் தகவல். ஆணுக்கு அறுவை செய்த பிறகும் சில வாரம் கரு உண்டாக்கும் திறன் இருக்கும். பெண்ணுக்குச் செய்வது குட்டியைத் தடுக்க மட்டும் அல்ல, வயதான பெண் முயல்களில் கருப்பைப் புற்றுநோய் மிக அதிகம்.

தூக்கும் முறையை எழுதாதீர்கள், படம் போடுங்கள். காதைப் பிடித்துத் தூக்குவது கூடவே கூடாது. ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்பகுதிக்கு அடியில், உடம்போடு அணைத்து. பின்னங்காலைத் தாங்காமல் விட்டால் அது உதைக்கிற வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியும். குளிப்பாட்ட வேண்டாம். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெப்பத் தாக்கு வரும், நிழலும் காற்றும் வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும்.

மருந்துக்கு மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்து. நாய்க்கும் பூனைக்கும் உண்ணிக்காகக் கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் முயலைக் கொல்லும். வீட்டில் இருக்கும் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து அதுவும் கொல்லும். நல்லெண்ணத்தில் கொடுத்துவிட்டு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தடுப்பூசி விவரத்தை எழுத வேண்டாம். எது கிடைக்கும், எப்போது போட வேண்டும் என்பது இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். மருத்துவரிடம் கேட்கவும் என்று விட்டுவிடுங்கள்.

மருத்துவர் என்றதும் ஞாபகம் வருகிறது. தாளின் அடியில் ஒரு வெற்றுக் கோடு விடுங்கள்: "முயல் பார்க்கும் மருத்துவர், தொலைபேசி எண்." நீங்கள் நிரப்பாதீர்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் முயல் பார்ப்பதில்லை. வாங்க வருகிறவர் விசாரித்து நிரப்பிக்கொண்டு வந்தால்தான் குட்டி என்று சொல்லிவிடுங்கள். அந்த எண்ணை நள்ளிரவில் தேடக் கூடாது.

எழுதி முடித்ததும், முயலே வளர்க்காத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். திருப்பி வாங்கிக்கொண்டு, "காலையில் தீனி அப்படியே இருக்கிறது, என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "மாலை வரை பார்ப்பேன்" என்று பதில் வந்தால் முதல் வரியை மறுபடி எழுத வேண்டும். தாளின் மூலையில் தேதியும் போடுங்கள், பிற்பாடு மாற்றினால் எது புதியது என்று தெரியும்.

எட்டு வாரம் ஆகாமல் குட்டியைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது இப்போது தின்கிற அதே தீவனத்தில் இரண்டு வாரத்துக்கானதும், ஒரு கட்டு உலர்புல்லும் சேர்த்துக் கொடுங்கள். புது வீட்டு அதிர்ச்சியும் புதுத் தீனியும் ஒரே நாளில் வந்தால் குடல் தாங்காது. மறுநாள் நீங்களே ஒரு முறை கூப்பிடுங்கள். "முயல் எப்படி இருக்கிறது" என்று கேட்டால் "அழகாக இருக்கிறது" என்பார்கள். இன்றைக்கு எவ்வளவு புழுக்கை போட்டது என்று கேளுங்கள்.